ஷட்டர் எர்ரர் வந்தால் கேமராவுக்குக் கருமாதி செய்யாதீர்கள்!

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களின் வயிற்றைக் கலக்கும் சமாச்சாரம் ஒன்று இருக்கிறது. பட்டனை அழுத்தினால் ‘சடக்’ என்று முழுதாகக் கேட்க வேண்டிய சத்தம் பாதியில் நிற்கும். திரையில் ‘எர்ரர் 30’ அல்லது ‘எர்ரர் 99’ என்று வரும். உடனே பக்கத்தில் இருக்கும் யாராவது ஒருவர் “ஷட்டர் போச்சு, பாடியை மாத்திருங்க” என்று தீர்ப்பு சொல்லிவிடுவார். எங்கள் நத்தத்தில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் இதே கதைதான்.

இந்தத் தீர்ப்பு அவசரத் தீர்ப்பு என்பது என் கருத்து. பல சமயம் குற்றவாளி ஷட்டரே இல்லை. அப்படியே ஷட்டராக இருந்தாலும் அது பஸ் டயர் மாதிரி, தேய்ந்தால் மாற்ற வேண்டிய ஒரு பாகம். டயர் தேய்ந்தது என்று யாராவது பஸ்ஸைப் பழைய இரும்புக் கடையில் போடுவார்களா?

முதலில் ஷட்டர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். சென்சாருக்கு முன்னால் இரண்டு திரைகள் இருக்கின்றன. மெல்லிய தகடுகளால் ஆனவை. பட்டனை அழுத்தியதும் கண்ணாடி மேலே போகும், முதல் திரை திறக்கும், வெளிச்சம் விழும், இரண்டாவது திரை வந்து மூடும், கண்ணாடி கீழே இறங்கும். நொடியில் 4000-ல் ஒரு பங்கு வேகம் வைத்தால், முதல் திரை முழுதாகத் திறக்கும் முன்பே இரண்டாவது கிளம்பிவிடும். நடுவில் உள்ள சின்ன இடைவெளி மட்டும் சென்சார் மேல் ஓடும். இந்த ஓட்டத்தில் எந்த இடத்தில் தடங்கல் வந்தாலும் கேமரா எர்ரர் என்று கத்தும். கத்துவது ஒன்றுதான், காரணம் பல.

கேனான் பழைய மாடல்களில் பலவகைக் கோளாறுக்கும் ஒரே பெயர், எர்ரர் 99. பிறகு வந்தவற்றில் பிரித்துவிட்டார்கள். 01 என்றால் லென்ஸுக்கும் பாடிக்கும் தொடர்பு சரியில்லை. 02 மெமரி கார்டு. 20 இயந்திரக் கோளாறு. 30 ஷட்டர். 40 மின்சாரம். நிக்கானில் ‘எர்ர்’ என்று மட்டும் மின்னும். பட்டனை இன்னொரு முறை அழுத்தச் சொல்கிறது அதன் கையேடு. ஆகவே முதல் வேலை, எண்ணைக் குறித்துக்கொள்வது. “ஏதோ எர்ரர் வந்துச்சுண்ணே” என்று சொன்னால் கடைக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து, செலவில்லாததில் இருந்து தொடங்குங்கள்.

1. கேமராவை அணைத்து, பேட்டரியையும் கார்டையும் கழற்றி, சில நிமிடம் சும்மா வையுங்கள்.

2. முழுதாக சார்ஜ் ஏறிய வேறு பேட்டரி போடுங்கள். ஷட்டரையும் கண்ணாடியையும் தூக்க ஒரு நொடிக்குள் கொஞ்சம் அதிக மின்சாரம் வேண்டும். கிழட்டு பேட்டரி திரையில் முழுசாகக் காட்டும், வேலை என்று வந்தால் மயங்கி விழும்.

3. வேறு கார்டு, வேறு லென்ஸ் மாற்றிப் பாருங்கள். லென்ஸின் பின்னால் உள்ள பித்தளை நிறப் புள்ளிகளைச் சுத்தமான உலர்ந்த துணியால் துடையுங்கள். வியர்வைக் கையும் செம்மண் புழுதியும் சேர்ந்த ஊரில் இது ரொம்ப முக்கியம்.

4. எஃப் 1.8-ல் ஒழுங்காகப் படம் எடுக்கிறது, எஃப் 8 வைத்தால் எர்ரர் என்றால், சந்தேகம் லென்ஸின் மேல். உள்ளே இருக்கும் துவாரத்தைச் சுருக்கும் பாகமோ அதன் ஒயரோ போயிருக்கலாம். பாடியைத் தொடவே வேண்டாம்.

5. புழுதி இல்லாத அறையில் லென்ஸைக் கழற்றிவிட்டு, ஒரு நொடி வேகம் வைத்து அழுத்தி உள்ளே பாருங்கள். கண்ணாடி மேலே போகிறதா? திரை திறக்கிறதா? தகடு ஏதாவது கோணலாகத் தொங்குகிறதா? கண்ணால் மட்டும் பாருங்கள், விரல் கூடாது. அழுத்தக் காற்று டப்பாவும் கூடாது, அது அந்தத் தகடுகளை வளைத்துவிடும். சார்ஜ் குறைந்த பேட்டரியோடு சென்சார் சுத்தம் செய்ய உட்காராதீர்கள். நடுவில் மின்சாரம் நின்றால் திரை உங்கள் குச்சியின் மேலேயே வந்து மூடும். அப்புறம் நிஜமாகவே ஷட்டர் காலி.

ஒரு கூடுதல் தகவல். பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கீழே கறுப்புப் பட்டை வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலான கேமராக்களில் பிளாஷுக்கான வேக வரம்பு 200 அல்லது 250-ல் ஒரு பங்குதான். அதைத் தாண்டினால் திரையின் நிழல் விழும், அவ்வளவே. எல்இடி வெளிச்சத்தில் வரும் கோடுகளும் ஷட்டர் கோளாறு அல்ல. பிளாஷ் இல்லாமல், பகல் வெளிச்சத்தில், அதிக வேகத்தில் பட்டை வந்தால்தான் தகடுகளைச் சந்தேகிக்க வேண்டும்.

இதெல்லாம் பார்த்தும் சரியாகவில்லையா? சரி, ஷட்டர்தான். இப்போது கணக்குக்கு வருவோம்.

கேனான் 80டி-யின் ஷட்டர் 1 லட்சம் முறைக்கும், 5டி மார்க் 4 ஒன்றரை லட்சத்துக்கும், நிக்கான் டி850 2 லட்சத்துக்கும் சோதிக்கப்பட்டவை என்று நிறுவனங்களே சொல்கின்றன. அது ஆயுள் ரேகை அல்ல, முன்பின் ஆகலாம். ஒரு கல்யாணத்துக்கு வரவேற்பும் சேர்த்து 2500 கிளிக், வருஷத்துக்கு 40 விசேஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வருஷத்தில் 1 லட்சம்! எங்கள் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவில் கழுமரம் ஏறுவதை எடுக்க நிற்பவர்களைப் பாருங்கள். விரலை எடுக்காமல் நொடிக்கு 7 படம் சுட்டால் ஒரு நிமிடத்தில் 420. ஏறுகிறவர் ஒருமுறை வழுக்கி விழுவதற்குள் ஷட்டர் எத்தனை முறை ஏறி இறங்கியிருக்கும்!

ஆகவே தொழில் செய்பவர்கள் ஷட்டர் மாற்றும் செலவை முதலிலேயே கணக்கில் எழுத வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. சர்வீஸுக்கு அதைவிட நல்ல நாள் எது? ஆவணி முகூர்த்தத்தில் எர்ரர் வந்த பிறகு மதுரைக்கு பஸ் ஏறி என்ன பயன்? மணமேடையில் தாலியை இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது.

பயன்படுத்துகிறவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. பழைய பைக் வாங்கும்போது மீட்டரைப் பார்க்கிறோம். பழைய கேமரா வாங்கும்போது எதைப் பார்ப்பது? நிக்கானில் எடுத்த படத்தின் கோப்பிலேயே ஷட்டர் எண்ணிக்கை பதிவாகிறது. கேனானின் பெரும்பாலான மாடல்களில் அது படத்தில் வராது, தனி மென்பொருள் தேட வேண்டும். ஆனால் அதே நிறுவனம் 1டி எக்ஸ் போன்ற விலை உயர்ந்த கேமராவில் மெனுவிலேயே காட்டுகிறது. முடியாத காரியம் அல்ல என்பது இதிலேயே தெரிகிறதே. குறைந்த விலை கேமரா வாங்குகிறவருக்குத்தான் அந்த எண் அதிகம் தேவை. அவருக்கு ஏன் மறைக்க வேண்டும்?

ஷட்டரே பிழையாக வந்ததும் உண்டு. நிக்கான் டி600-ல் சென்சார் மேல் புள்ளிகள் விழுகின்றன என்ற புகார் பெரிதாகி, 2014-ல் வாரண்டி முடிந்தவர்களுக்கும் இலவசமாகச் சரிசெய்து, ஷட்டரையும் மாற்றித் தருவதாக அறிவித்தார்கள். 2015-ல் டி750-ன் ஷட்டருக்கும் இலவசச் சீர் அறிவிப்பு வந்தது. பயன்படுத்தியவர்கள் படங்களைக் காட்டி விடாமல் கேட்டதால்தான் டி600 விஷயம் அவ்வளவு தூரம் போனது.

நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் ‘பழுது நீக்கும் உரிமை’க்குக் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. விவசாயக் கருவி, கைபேசி மற்றும் மின்னணுப் பொருள், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று 4 துறைகளை எடுத்துக்கொண்டார்கள். கேமரா ஷட்டரும் இந்தக் கணக்கில் வர வேண்டும் என்பேன். நிறுவனங்கள் உதிரிபாகத்தை ஊர்ப் பக்கம் கடை வைத்திருப்பவருக்கும் விற்கட்டும், விலையை வெளிப்படையாகப் போடட்டும். நிக்கான் இசட் 9 (2021) போலத் திரை ஷட்டரே இல்லாத கேமராக்கள் வந்துவிட்டன. அவற்றின் விலைக்கு இங்கே ஒரு சின்ன ஸ்டுடியோவே வைத்துவிடலாம். எங்கள் ஊர் அண்ணன்மார்களின் பிழைப்பு இன்னும் பல வருஷம் பழைய டிஎஸ்எல்ஆரில்தான் ஓடும்.

அதனால், அடுத்த முறை எர்ரர் வந்தால் எண்ணைக் குறியுங்கள், பேட்டரியை மாற்றுங்கள், லென்ஸைத் துடையுங்கள். பாடிக்குப் பால் ஊற்றுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்!