அடிக்கத் தெரியாத ஆளுக்கு உறுமி குழுவுல என்ன வேலை?

 

தைப்பூசம் நெருங்கினாலே கோயில் வாசல்ல என்னைப் பார்த்து ஒரு கேள்வி வரும்: "அடிக்கிறது பசங்க. உங்களுக்கு என்ன அதுல மேனேஜர் வேலை?" கேட்கிறவங்க கிண்டலுக்குக் கேட்கல, தெரியாமத்தான் கேட்கிறாங்க. அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

என் கருத்து இதுதான். இளைஞர் உறுமி குழு வச்சிருக்கிற ஒவ்வொரு கோயிலுக்கும், மேளத்தைத் தொடாத ஒரு பெரியவர் பொறுப்பாளரா இருக்கணும்.

உறுமியில ஒரு பக்கத் தோலை வளைஞ்ச குச்சியால தேய்க்கணும், மறுபக்கத்தை அடிக்கணும். தவில்காரரும் ஜால்ராகாரரும் அந்தத் தாளத்தைப் பிடிச்சுப் போகணும். புந்தோங்கிலிருந்து கல்லுமலை வரை காவடியோட நடக்கிறப்போ, அடிக்கிற பையன் கவனமெல்லாம் தாளத்துலயும் காவடி எடுக்கிறவர் கால்லயும்தான் இருக்கும். பின்னாடி யார் மயங்கி விழுந்தா, யார் குடிச்சிட்டு உள்ளே புகுந்தா, முன்னாடி போற குழு நின்னுட்டா, மழை வருதா, இதையெல்லாம் அவன் பார்க்க முடியாது. பார்க்க ஒரு ஆள் வேணும். "நிறுத்து"ன்னு கை காட்டினா பசங்க நிறுத்தணும். சூராவ்ல பாங்கு சொல்ற நேரம் மேளம் ஓயணும். அந்தக் கை யாருடையதுன்னு முன்கூட்டியே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

திருவிழா அன்னைக்கு நடக்கிறது சின்னப் பகுதி. மிச்சம் எல்லாம் அதுக்கு முன்னாடி. ஒவ்வொரு பையன் வீட்டிலும் அப்பா அம்மா சம்மதம் வாங்கணும், வேன் பார்க்கணும். எஸ்.பி.எம். எழுதுற பிள்ளைக்குப் பயிற்சியைக் குறைக்கணும். பக்கத்து வீட்டுக்காரர் தூங்கப் போறதுக்குள்ள பயிற்சியை முடிக்கணும். வந்த வெள்ளி எவ்வளவு, தோல் மாத்த எவ்வளவு போச்சுன்னு கணக்கை எழுதி பயிற்சி நடக்கிற இடத்துலயே ஒட்டணும். நல்லா அடிக்கிற குழுகூட கணக்கு தெரியாம உடைஞ்சு போகும்.

இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல. நம்ம நாட்டுச் சீக்கியப் பிள்ளைகளைப் பாருங்க. 1986ல் கோலாலம்பூர்ல ஆரம்பிச்ச ஸ்ரீ தஸ்மேஷ் பேக்பைப் குழு, 2019ல் ஸ்காட்லாந்து கிளாஸ்கோ வரை போய், தங்கள் பிரிவுல உலகப் பட்டம் வாங்கி வந்தாங்க. ஸ்காட்லாந்துக்காரர் வாத்தியத்தை, அவங்க ஊர்லயே வாசிச்சு! பேக்பைப்புல ஒரு சுருதி விடாம ஒலிச்சிட்டே இருக்கும், நம்ம நாதஸ்வரத்துக்கு ஒத்து மாதிரி. ஒத்து ஊதுறவரை யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டாங்க. ஆனா அது நின்னா கச்சேரியே வெறிச்சோடிடும். பொறுப்பாளர் வேலையும் அப்படித்தான்.

"வெளியிலிருந்து ஒரு குழுவைக் காசு கொடுத்துக் கூப்பிட்டா முடிஞ்சு போச்சே"ன்னு சிலர் சொல்றாங்க. அன்னைக்கு மேளம் கிடைக்கும். மறுநாள் நம்ம சிலிபின் பையன் எங்கே இருப்பான்? பதினஞ்சு வயசுப் பையனைக் கோயில் கூப்பிடலன்னா வேற யாராவது கூப்பிடுவாங்க. ஒரு கறுப்பு டி-சர்ட்டும் நாலு "அண்ணன்"களும் போதும். பயிற்சிக்கு வர்ற ராத்திரி அவன் எங்கே இருக்கான்னு அவன் அம்மாவுக்குத் தெரியும். எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

சினிமாப் பாட்டு, காதைக் கிழிக்கிற சத்தம், இந்தக் குறைகளை நானும் ஒத்துக்கிறேன். பால்குடத்துக்கு முன்னாடி குத்துப்பாட்டு வேண்டாம். அதுக்குப் பசங்களை விரட்டினா குறை தீராது. என்ன அடிக்கணும்னு பட்டியல் போட்டு, பொறுப்பாளர் கையில கொடுத்தா தீரும்.

இன்னொண்ணையும் சொல்லியாகணும். தோட்டத்துல தப்பும் உறுமியும் அடிச்ச நம்ம தாத்தாக்களைச் சாமிக்கு மேளம் வேணும்னு கூப்பிட்டுட்டு, ஆளை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்தின காலம் இருந்துச்சு. இன்னைக்கு யாரும் அப்படி நிறுத்துறதில்ல. ஆனா மணிக்கணக்கா அடிச்ச பையன் கடைசிப் பந்தியில, வெறும் ரசம் ஊத்தி சாப்பிடுறதை இன்னும் பார்க்கிறேன்.

அதனால நிர்வாகத்துக்கும் பக்தர்களுக்கும் மூணு வேண்டுகோள். ஆண்டுக்கூட்டத்துல தலைவர், செயலாளர் மாதிரி உறுமி குழுப் பொறுப்பாளரையும் பேர் சொல்லித் தேர்ந்தெடுங்க, நான்தான் இருக்கணும்னு இல்ல. பசங்களுக்குக் காதடைப்பான் வாங்கித் தாங்க. அன்னதானத்துல அவங்களுக்கு முதல் பந்தியில இலை போடுங்க.

அடிக்கத் தெரியாதுன்னு யாரும் தயங்க வேண்டாம். தண்ணி போத்தல் தூக்கவும், தலை எண்ணவும் தெரிஞ்சா போதும். வர விருப்பம் உள்ளவங்க வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு என்னை வந்து பாருங்க.

வேலும் மயிலும் துணை.