வேலி யாருக்காக?

அமெரிக்காவில் தெருக்களில் கேபிள் டி.வி. கம்பி இழுக்க நகரசபையின் அல்லது மாகாண அரசின் உரிமம் வேண்டும். வெகுகாலம் பல ஊர்களில் ஒரே கம்பெனிக்குத்தான் அது கிடைத்தது. வைத்ததே விலை! 1992-ம் ஆண்டுச் சட்டம் இந்த ஏகபோக உரிமையைத் தடை செய்தது. ஆனால் கோடிக்கணக்கில் முதல் போட்டு இரண்டாவது கம்பி இழுப்பவர் யார்?

டென்னஸி மாகாணத்தின் சட்டனூகாவில் நகரத்துக்குச் சொந்தமான மின்சார வாரியமே களத்தில் இறங்கியது. காம்காஸ்ட் என்ற ராட்சதக் கம்பெனி 2008-ல் கோர்ட் ஏறிப் பார்த்தது, வழக்கு தள்ளுபடி! 2010-ல் வாரியம் தன் வட்டாரம் முழுவதற்கும் ஜிகாபிட் வேக இணையமும் தந்தது.

பக்கத்துக் கிராமத்தாரும் கேட்டனர். மின்வட்டாரத்துக்கு வெளியே போகக் கூடாதென்று மாகாணச் சட்டம் வேலி போட்டிருந்தது. 2015-ல் மத்திய தகவல்தொடர்பு கமிஷன் வேலியைப் பிடுங்கியது. 2016-ல் கோர்ட் அதை மீண்டும் நட்டது.

போட்டியே உயிர்மூச்சு என்று முழங்கும் முதலாளிகளை நாம் கேட்கிறோம்: மக்களின் வாரியம் போட்டிக்கு வந்தால் மட்டும் உங்களுக்கு வேலி எதற்கு? தெருவும் கம்பமும் பொதுச்சொத்து. கம்பியும் மக்கள் கைக்கு வரட்டும்!