"கெமிஸ்ட்ரி உனக்கு எதுக்கும்மா?"

பிளஸ் டூ முடிவு வந்ததும் எங்கள் காலனிப் பிள்ளைகள் கல்லூரி விண்ணப்பம் போட என்னிடம் வருவார்கள். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி இரண்டையும் பட்டியலில் போடுவோம். கடைசியாக வந்த தங்கைக்கு வேதியியலில் நல்ல மதிப்பெண். ஆனால் அவள் எழுதி வந்த பட்டியலில் பி.எஸ்சி. வேதியியலே இல்லை.

"அது கஷ்டம்மா, வீட்ல சொல்லிக்கொடுக்க யாரு இருக்கான்னு சார் கேட்டாருக்கா" என்றாள்.

என்னிடமும் இதைத்தான் கேட்டார்கள். அக்கறை போலத்தான் ஒலிக்கும். அதே மதிப்பெண் வாங்கிய ஊர்த்தெருப் பிள்ளையிடம் இந்தக் கேள்வி வருவதில்லை. எல்ஃபின்ஸ்டன் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பிய அம்பேத்கர், அது மறுக்கப்பட்டதால் பாரசீகம் படித்தார். அன்று மறுப்பு, இன்று அறிவுரை. பதினொன்றாம் வகுப்பில் "உனக்கு ஆர்ட்ஸ் குரூப் போதும்" என்று சொல்லும்போதே பாதிப் பேருக்கு இந்தக் கதவு அடைபட்டுவிடுகிறது.

தமிழும் வரலாறும் தாழ்ந்த பாடங்கள் அல்ல. விரும்பி எடுப்பதும் தள்ளிவிடப்பட்டுப் போய் விழுவதும் ஒன்றல்ல என்கிறேன்.

வேதியியல் நமக்கு எதற்கு? சல்பைடு உப்பில் அமிலம் ஊற்றினால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு வரும். லெட் அசிடேட் தாள் கறுக்கும். ஆய்வகத்தில் அது ஒரு சோதனை. மலக்குழியில் நம் ஆட்களைக் கொல்வதும் அந்த வாயுதான். செறிவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது; ஆபத்து நீங்கியது என்று நினைத்து இறங்குவார்கள். 2013-இல் தடைச் சட்டம் வந்த பிறகும் சாவு நிற்கவில்லை. செய்தித்தாள் 'விஷவாயு தாக்கி' என்று ஒரு வரியில் முடிக்கிறது. அந்த வாயுவின் பெயரும் குணமும் தெரிந்தவர்கள் நம் தெருவில் இருக்க வேண்டாமா?

முதலாண்டு கடினம்தான். ஆங்கிலப் பெயர்கள் பிடிபட எனக்கு இரண்டு பருவம் ஆனது. ஆனால் அரசுக் கல்லூரியில் இளநிலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. பொதுப்பிரிவின் 31 விழுக்காடு இடங்கள் யாருடைய ஒதுக்கீடும் அல்ல. மதிப்பெண் இருந்தால் அவை நமக்கும் உண்டு.

தோழர்களே, இந்த முறை உங்கள் தெருப் பிள்ளையோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். முதல் விருப்பத்தை அவர்களே சொல்லட்டும். நீங்கள் தட்டச்சு செய்தால் போதும்.