வெண்பீங்கானா, சித்திரப் பீங்கானா?

புதுக்குடித்தனம் தொடங்கும் தம்பதியர்க்கு எழும் முதற் பிரச்சினைகளுள் ஒன்று பீங்கான் வாங்குவது என்று நாம் கூறினால் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், பீங்கான் கடையொன்றினுள் அரை மணி நேரம் நின்றவர்களுக்கு அந்தச் சங்கடம் நன்கு தெரியும். ஒருபுறத்தே பூவும் கொடியும் பொற்கரையும் பொலியும் சித்திரப் பீங்கான்கள். மறுபுறத்தே ஒரு கோடுதானும் இல்லாத வெண்பீங்கான்கள். மருமகள் ஒன்றை விரும்ப, மாமியார் மற்றொன்றை எடுத்துப் பார்ப்பார். கணவரோ விலைச் சீட்டை மட்டும் பார்ப்பார். இவற்றுள் எது நமது இல்லங்களுக்கு ஏற்றது என்பதை இவ்வாரம் ஆராய்வோம். இஃது அழகு பற்றிய கேள்வி மாத்திரமன்று என்பது நமது கருத்து.

பீங்கான் நம் நாட்டுக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டியிலே 11ஆம், 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. மன்னார்ப் பகுதியிலுள்ள மாந்தைத் துறையிலும் சீனத்துப் பாண்டங்களின் உடைவுகள் கிடைத்துள்ளன. ஆயினும், கடல்கடந்து வந்த அப்பொருள் நெடுங்காலம் செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. நம்மவருட் பெரும்பாலோர் வாழையிலையில் உண்டனர், மூக்குப்பேணியில் அருந்தினர்.

சித்திரம் எழுதிய பீங்கான் ஒரு காலத்தில் உண்மையாகவே பெருஞ் செல்வத்தின் அடையாளமாயிருந்தது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற குயவரான யோசையா வெட்ஜ்வூட் 1774ஆம் ஆண்டில் உருசியப் பேரரசி கதரீனுக்கு 952 கலங்கள் கொண்ட தொகுதியொன்றைச் செய்து முடித்தார். அவற்றில் ஆங்கில நாட்டுக் காட்சிகள் கையாலே தீட்டப்பட்டிருந்தன. அத்தகைய வேலைக்கு ஓவியர் பலரும் பெரும் பொருளும் வேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் அதே நூற்றாண்டிலே நிலைமை மாறிவிட்டது. செப்புத் தகட்டில் வெட்டிய சித்திரத்தை மெல்லிய தாளில் அச்சிட்டு, அத்தாளிலிருந்து கலத்துக்கு மாற்றும் முறை பரவியது. ஓவியர் ஒரு நாளிற் செய்த வேலையைத் தொழிலாளர் சில நிமிடங்களிற் செய்தனர். 1790 அளவிலே தோன்றிய நீலநிற 'வில்லோ' சித்திரத்தைப் பழைய வீடுகளிற் பலர் கண்டிருப்பர். அலரி போன்ற மரமும், பாலத்தின்மீது மனிதரும், வானில் இரு பறவைகளும் அதிலே காணப்படும். காதலர் இருவர் பறவைகளாக மாறினர் என்று அதற்கொரு சீனக் கதையும் சொல்வார்கள். உண்மையில் அது சீனத்துக் கதையன்று. சித்திரம் பிறந்து அரை நூற்றாண்டுக்குப் பின்னர், 1849 இல் ஆங்கிலச் சஞ்சிகையொன்றில் வெளிவந்த கதை. படம் முன்னே வந்தது. கதை பின்னே வந்தது. இரண்டினாலும் விற்பனை பெருகியது. ஆகவே, சித்திரம் இருப்பதனாலேயே ஒரு பீங்கான் உயர்ந்ததாகிவிடாது. வெண்பீங்கானிலே ஊசித் துளை போன்ற சிறு குற்றமும் கண்ணிற்படும். பூவும் இலையும் நிறைந்த பீங்கானிலோ அக்குற்றம் இலைக்குள்ளே மறைந்துவிடும். குறையற்ற வெண்பீங்கானைச் செய்வது எளிதான வேலையன்று.

இனி, சித்திரம் கலத்திலே எவ்விடத்தில் அமைந்திருக்கிறது என்பதை அறிதல் வேண்டும். பீங்கானின் மேலே கண்ணாடி போன்று படிந்திருப்பதை மெருகு என்கிறோம். சில சித்திரங்கள் அம்மெருகின் கீழே அமைவன. கோபால்ற்று என்னும் உலோகத்தின் நீலம் ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட சூளை வெப்பத்தையும் தாங்கும் இயல்புடையது. அதனாலேயே பழைய பீங்கான்களில் நீலச் சித்திரங்கள் மிகுந்து காணப்படுகின்றன. மெருகு அவற்றுக்குக் கவசமாய் அமைதலால், பல்லாண்டு கழுவினும் அவை அழிவதில்லை. பொன்னும் பல செந்நிறங்களும் அத்துணை வெப்பத்தைத் தாங்கமாட்டா. எனவே அவற்றை மெருகின்மேல் இட்டு, ஏறத்தாழ 800 பாகை வெப்பத்தில் மீண்டும் சுடுவார்கள். இவை நாளடைவிலே தேயும். சாம்பலும் தும்பும் கொண்டு தேய்க்கும் நமது குசினிகளில் விரைவிலே தேயும். பொற்கரையிட்ட பீங்கானை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் தீப்பொறி பறக்கும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

தேய்வதினும் பெரிய விஷயம் ஒன்றுண்டு. மெருகின்மேல் இடும் நிறங்களிற் பழங்காலத்தில் ஈயம் பெரிதும் கலக்கப்பட்டது. சிவப்பு, மஞ்சள் நிறங்களிற் கட்மியம் என்னும் உலோகமும் சேர்ந்ததுண்டு. புளியும் தேசிக்காயும் வினாகிரியும் இவற்றைச் சிறிது சிறிதாகக் கரைத்து உணவிற் சேர்த்துவிடும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. நற்பெயர் பெற்ற தொழிற்சாலைகள் இன்று ஈயமற்ற நிறங்களைப் பயன்படுத்துகின்றன. ஆயினும், பெயர் தெரியாத மலிவுப் பீங்கானிலும், பாட்டியார் காலத்து நிறந்தேய்ந்த பீங்கானிலும் ஊறுகாயோ புளிக்கறியோ இட்டுவைத்தல் ஆகாது. சித்திரத்தின்மீது விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். மேடு தட்டுப்பட்டால் அது மெருகின்மேல் உள்ளது. அத்தகைய சித்திரம் உணவு படாத வெளிப்புறத்தில் இருப்பதே நன்று.

சைவ உணவினர் கவனிக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. 'போன் சைனா' என்று விற்கப்படும் மெல்லிய பீங்கானில், அப்பெயர் சொல்லுமாறே, மாட்டெலும்பின் சாம்பல் கலந்திருக்கிறது. ஆங்கிலேயர் வகுத்த பழைய முறைப்படி அதிற் பாதிப் பங்கு எலும்புச் சாம்பலே. சூளையில் வெந்தபின் அதில் ஊன் எதுவும் எஞ்சுவதில்லையாயினும், பூசைக்கும் விரதத்துக்கும் அதனை விரும்பாதோர் கடையிலே கேட்டறிந்து, எலும்பு கலவாத பீங்கானை வாங்கலாம். வெள்ளைக் களிமண், பெல்ஸ்பார், படிகக்கல் என்பவற்றாற் செய்யும் அப்பீங்கானுக்கு வேண்டிய மண் நம் நாட்டிலேயே உண்டு. பொரலஸ்கமுவவிலும் மீட்டியாகொடையிலும் வெள்ளைக் களிமண் எடுக்கப்பட்டுள்ளது. மாத்தளையிலும் தங்கொட்டுவையிலும் செய்யப்பட்ட பீங்கான்கள் பல நாடுகளுக்குச் சென்றிருக்கின்றன.

நமது உணவுக்கும் உண்ணும் முறைக்கும் பொருந்துவது எது என்பதும் சிந்திக்கத்தக்கது. நாம் கத்தியால் அறுத்து உண்பவரல்லர்; விரலாற் பிசைந்து உண்பவர். சோற்றுக்குக் குழம்பும், இடியப்பத்துக்குச் சொதியும் விடும்போது பீங்கானுக்குச் சற்று ஆழம் வேண்டும். மேல்நாட்டுப் பீங்கானின் அகன்ற தட்டை விளிம்பு பூ வரைவதற்கு வசதியானது. நமக்கு அது வீணான இடம். புடைத்தெழுந்த வேலைப்பாடுகளின் இடுக்கிற் பருக்கை ஒட்டும், மஞ்சட்கறை படியும். வெண்பீங்கானிற் கறை பளிச்செனத் தெரிகின்றது என்று சிலர் குறை கூறுவர். அழுக்குத் தெரிந்தாலன்றோ கழுவத் தோன்றும்? அதனை நாம் குணமாகவே கொள்கிறோம்.

இன்னொரு பெரிய உண்மை, பீங்கான் உடையும் பொருள் என்பது. ஆறு பேருக்கான சித்திரத் தொகுதியில் ஒன்று உடைந்தால் ஐந்து மிஞ்சும். அந்தச் சித்திரத்தைத் தொழிற்சாலை நிறுத்திவிட்டதாயின் ஆறாவது ஒருபோதும் வராது. ஆகவே, உடைந்துவிடும் என்ற அச்சத்தினால் அத்தொகுதி கண்ணாடி அலுமாரிக்குள்ளே சிறையிருக்கிறது. தனித்தனியாக விற்கப்படும் சாதாரண வெண்பீங்கானில் ஒன்று உடைந்தால் மற்றொன்றைச் சேர்க்கலாம். நீலஞ்சார்ந்த வெண்மை, பாலேட்டு வெண்மை என்று வெள்ளையிலும் பேதம் உண்டாதலால், பழையதொன்றைக் கையோடு கொண்டுசென்று ஒப்பிட்டு வாங்குதல் வேண்டும். ஆறு பன்னிரண்டாகலாம், வீடு வளர, மேசையும் வளரும்.

மேலே கேள்வி அழகு பற்றியது மாத்திரமன்று என்றோம். அதன் காரணத்தை இங்கே கூறுகிறோம். கண்ணாடி அலுமாரியிலுள்ள பூப்போட்ட கோப்பை விருந்தினர்க்கு. விளிம்பு உடைந்தது வீட்டுப் பெண்களுக்கு. கைபிடி போனது, அல்லது குசினியின் பின்புறத்தே வேறாகக் கவிழ்த்து வைத்த ஒன்று, வேலைக்கு வந்தவருக்கு. இந்த வரிசையை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆயினும் பல வீடுகளில் எல்லோருக்கும் அது தெரியும். ஒருகாலத்தில் நமது ஊர்த் தேநீர்க் கடைகளிற் சிலருக்குக் கோப்பையில் தேநீர் கொடாது, தகரப் பேணியிலும் போத்தலிலும் கொடுத்தனர். வீட்டு முற்றத்திலே சிரட்டையில் ஊற்றியதும் உண்டு. 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. 1960களில் தேநீர்க் கடைகளுக்குள் நுழையும் உரிமைக்காகப் போராட்டங்கள் நடந்தன. சட்டம் கடை வாசல்வரை வந்தது. நமது குசினிக்குள் வர அதற்கு வழியில்லை. அங்கே வரவேண்டியது இல்லத்தவரின் மனமேயாகும்.

வாழையிலையிலே உயர்ந்த இலை, தாழ்ந்த இலை என்பதில்லை. பந்தியிலிருந்த அனைவர்க்கும் ஒரே இலை. அந்தப் பந்தியிலேயே சிலருக்கு இடமளிக்காதது நம் முன்னோர் செய்த பிழை, இலையின் பிழையன்று. ஒரே வகை வெண்பீங்கான் பன்னிரண்டு உள்ள வீட்டிலே 'இது யாருக்கு?' என்ற வினா எழ இடமில்லை. வந்தவருக்கும் உழைத்தவருக்கும் மகளுக்கும் மருமகனுக்கும் கைக்கு வந்தது எதுவோ அதுவே. பீங்கானை மாற்றுவதால் மாத்திரம் மனம் மாறிவிடும் என்று நாம் கூறவில்லை. பேதம் செய்ய விரும்புவோர் வெண்பீங்கானிலும் ஓர் அடையாளம் இட்டுக்கொள்வர். ஆயினும், பேதம் செய்யாதிருக்க விரும்புவோர்க்கு அது பெருந்துணை. குழந்தைகள் நமது உபதேசத்தைக் கேட்பதிலும் பார்க்க, யாருக்கு எதில் ஊற்றுகிறோம் என்பதையே கூர்ந்து பார்க்கின்றனர்.

அப்படியாயின் சித்திரப் பீங்கானுக்கு வீட்டில் இடமே இல்லையா? நிச்சயமாக உண்டு. ஆளுக்கொன்றாக எண்ணிக் கொடுக்கும் பொருள்கள் வெள்ளையாக இருக்கட்டும். எல்லோருக்கும் பொதுவாக மேசை நடுவே வைக்கும் பொருள்கள் சித்திரமாக இருக்கட்டும். தேநீர்க் கேத்தல், சோற்றுத் தட்டம், பழக்கிண்ணம் என்பவற்றில் ஒவ்வொன்று இருந்தாற் போதும்; ஒன்று உடைந்தாலும் தொகுதி குலையாது. அவ்வழகை அனைவரும் பங்கிட்டு அனுபவிப்பர். சைவமும் அசைவமும் சமைக்கும் வீடுகளில், கலங்கள் கலந்துவிடாதிருக்க ஒன்றுக்கு வெள்ளையும் மற்றொன்றுக்கு நீலக்கரையும் வைத்துக்கொள்வது நல்ல உபாயம். உணவைப் பிரிப்பது வேறு. ஆளைப் பிரிப்பது வேறு.

கண்பார்வை மங்கிய முதியோரை இங்கு மறத்தலாகாது. வெண்சோறும் வெள்ளை இடியப்பமும் வெண்பீங்கானில் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. மறதிநோய் முற்றிய ஒரு சில நோயாளரைக் கொண்டு செய்த அமெரிக்க ஆய்வொன்று 2004 இல் வெளிவந்தது. வெள்ளைக்குப் பதிலாகக் கடுஞ்சிவப்புக் கலங்களில் உணவளித்தபோது, அவர்கள் உண்ட அளவு ஏறத்தாழ நான்கிலொரு பங்கு கூடியதாம். ஆகவே, முதியவருக்குக் கடும் நிறமுடைய, ஆனால் பூவேலை இல்லாத பீங்கானே தக்கது. நெருங்கிய பூக்கள் உணவோடு கலந்து தோன்றி மயக்கம் தரும். இங்கே தனிப் பீங்கான் அவமதிப்பன்று, அன்பின் அடையாளம்.

விடுதிகளில் வாழும் மாணவர்க்கும் ஒரு சொல். உங்களுக்கு வேண்டியது ஆழமான வெண்பீங்கான் ஒன்று, தேநீர்க் கோப்பை ஒன்று, நண்பருக்காக அதே மாதிரியான இன்னொரு கோப்பை. வாங்குமுன் விரல் நுனியில் ஏந்திச் சுண்டிப் பாருங்கள். மணிபோல ஒலித்தால் நல்லது. மழுங்கிய ஓசை வந்தால் எங்கோ வெடிப்பு உண்டு. சமதளத்தில் வைத்து ஆடுகிறதா என்றும் பாருங்கள். அடியிலுள்ள வளையம் சொரசொரப்பாக இருந்தால், ஒன்றன்மேல் ஒன்றை அடுக்கும்போது கீழுள்ளதன் மெருகு கீறப்படும்.

ஏற்கெனவே சித்திரத் தொகுதியொன்றைக் கலியாணப் பரிசாகப் பெற்றவர்கள் வருந்தவேண்டியதில்லை. அலுமாரியைத் திறந்து அதனை வெளியே எடுங்கள். பொற்கரை தேயட்டும், இரண்டொன்று உடையட்டும். வீட்டார் வாய் படாத கோப்பையினால் வீட்டுக்கு என்ன பெருமை? பூவோ வெறுமையோ, இன்று மாலை தேநீர் ஊற்றும்போது வரிசையாக வைத்த கோப்பைகளை ஒருமுறை பாருங்கள். அவற்றுள் எதையும் யாருக்கும் தயங்காமல் நீட்ட முடியுமாயின், உங்கள் தெரிவு நல்ல தெரிவே.