‘மத்தபடி தங்கமானவர்’



“குடிக்க மாட்டார். சம்பளத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துடுவார். பிள்ளைங்க மேல உயிர். சந்தேகம்தான் கொஞ்சம். மத்தபடி தங்கமானவர்.”

இந்தப் பேச்சை நீங்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள். நம் பத்திரிகைக்கு வரும் கடிதங்களில் ஊர் மாறும், வயது மாறும், இந்த வரி மட்டும் மாறுவதே இல்லை. ‘கொஞ்சம்’ என்று தொடங்கும் கடிதம் மூன்றாவது பக்கத்துக்கு வரும்போது என்ன ஆகிறது தெரியுமா?

காய்கறிக் கடையில் நிற்கும்போது வீடியோ கால் வருகிறது. முகத்தைக் காட்டினால் போதாது, கேமராவைத் திருப்பிக் கடையைக் காட்ட வேண்டும். கத்தரிக்காய்க் கூடை, வெண்டைக்காய்க் கூடை, தராசு, தராசுக்குப் பின்னால் நிற்கிற கடைக்காரர் என்று வரிசையாகக் காட்ட வேண்டும். “பக்கத்துல யாரு, அந்த நீலச் சட்டை?” என்று போனில் குரல் கேட்கிறது. நீலச் சட்டைக்கு எழுபது வயதிருக்கும். பாவம், அவர் பாட்டுக்கு வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். மற்ற பெண்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அரைக் கிலோ வெண்டைக்காயோடு வீடு திரும்புகிறவள் இதை யாரிடம் போய்ச் சொல்வாள்? ‘என் வீட்டுக்காரர் எனக்குப் போன் பண்ணினார்’ என்பது ஒரு புகாரா?

சிக்கலே இங்கேதான். அடி விழுந்தால் தழும்பு இருக்கும், காட்டலாம். சந்தேகமோ வெளியே பார்க்கிறவர்களுக்கு அக்கறையாகத் தெரிகிறது. சாயங்காலம் ஆபீஸ் வாசலில் வண்டியோடு காத்திருந்தால், “உனக்கென்னம்மா, தினம் பிக்கப்புக்கு ஆள் வருது” என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். ஐந்து நிமிடம் தாமதமானால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என்ன விசாரணை நடக்கும் என்பது பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இதெல்லாம் நம் கற்பனை இல்லை. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் பெண்களிடம் இதைப் பற்றி நேராகவே கேட்கிறார்கள். நீங்கள் வேறு ஆணிடம் பேசினால் கணவர் பொறாமைப்படுகிறாரா? நடத்தையில் பழி சொல்கிறாரா? தோழிகளைப் பார்க்க விடாமல் தடுக்கிறாரா? பிறந்த வீட்டோடு பேச்சைக் குறைக்கச் சொல்கிறாரா? எந்நேரமும் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்தாக வேண்டும் என்கிறாரா? பண விஷயத்தில் உங்களை நம்ப மறுக்கிறாரா? சர்க்கார் படிவத்தில் இருக்கிற கேள்விகள் இவை. படிக்கும்போது எத்தனை ‘ஆமாம்’ போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. உங்களுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

அதே கணக்கெடுப்பு 2019-21-ல் நடந்தபோது, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருப்பதாகச் சொன்னார்கள். இந்திய அளவில் அது 29 சதவீதம்தான். படிப்பிலும் வேலையிலும் நம் பெண்கள் முன்னணி என்று பெருமைப்படுகிற மாநிலம் இது. வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனால் கணக்கு வேறாக இருக்கிறது.

‘பொறுமையாக இருந்து நம்ப வைத்தால் மாறிவிடுவார்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். நானும் இதைப் பல காலம் கவனித்துப் பார்க்கிறேன். அவர் கேட்டார் என்று தோழியை விட்டாள். அடுத்து ஃபேஸ்புக் போயிற்று, அடுத்து வேலை போயிற்று. இப்போது பால்காரர் வரும்போது கதவைத் திறந்தது யார் என்ற கேள்வி வந்து நிற்கிறது. சந்தேகத்துக்கு நிரூபணம் கொடுப்பது கந்துவட்டி மாதிரி. மாதாமாதம் கட்டிக்கொண்டே இருக்கலாம், அசல் குறையாது. நடுநடுவே ஒருநாள் அழுவார். கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வார், புதுச்சேலை வரும். அந்தப் பத்து நாள் நிஜமாகவே தங்கமான மனுஷன்தான். அந்தப் பத்து நாளை நம்பித்தான் வருஷங்கள் ஓடிவிடுகின்றன.

மாறவே மாட்டார்களா? சிலர் மாறுகிறார்கள். சந்தேகம் ஒரு மனநோயாகவே முற்றிவிடுவதும் உண்டு, அளவு மீறிய குடியோடு சேர்ந்து வருவதும் உண்டு. மனநல மருத்துவரிடம் அதற்குச் சிகிச்சை இருக்கிறது. ஆனால் “தப்பு என்கிட்டதான்” என்று அவரே டாக்டர் முன்னால் போய் உட்கார வேண்டும். மனைவி இன்னும் கொஞ்சம் குனிந்து நடப்பதால் அந்த நோய் குணமானதாக எந்த மருத்துவரும் சொன்னதில்லை. சந்தேகப்படும் மனைவியிடம் மாட்டிக்கொண்டு தவிக்கிற ஆண்களும் இருக்கிறார்கள். அதை மறுக்கவில்லை. அவர்களுக்குத் தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டும், எழுதுவோம்.

‘இவ்வளவு கஷ்டம்னா ஏன் அங்கேயே இருக்கா, கிளம்பி வர வேண்டியதுதானே?’ இந்தக் கேள்வியை நாம் எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிடுகிறோம்! அவளிடம் இருக்கிற கணக்கைப் பாருங்கள். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவுக்குப் போன மாதம்தான் ஸ்டென்ட் வைத்தது. பையன் பத்தாவது, மார்ச்சில் பரீட்சை. நகை அவர் பெயரில் அடகில் இருக்கிறது. மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் அவள் கணக்கில்தான் விழுகிறது, ஆனால் ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் அவர் பர்ஸில். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம்தான், ஏறி எங்கே இறங்குவது?

துணிச்சல் இல்லாதவள் என்று அவளைச் சொல்லாதீர்கள். அப்படி ஒரு வீட்டில் தினமும் இட்லி ஊற்றி, பிள்ளைகளை யூனிஃபார்ம் போட்டு அனுப்பி, சிரித்த முகத்தோடு கல்யாண வீட்டுக்கு வந்து போகிறவளிடம் இருக்கிற துணிச்சல் நம்மில் எத்தனை பேரிடம் உண்டு? அவளுக்கு வேண்டியது, கதவைத் தட்டினால் திறக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு வீடு. வெளியேறுகிற பலத்தில் பாதி அவளுடையது. மீதிப் பாதி நம்மிடம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இப்போது அந்தப் பெண்ணோடு நேரடியாகக் கொஞ்சம் பேசுகிறேன். மற்றவர்களும் படியுங்கள், யாருக்காவது சொல்ல உதவும்.

அம்மா, முதலில் ஒரே ஒரு ஆளிடம் சொல்லுங்கள். அக்காவோ, பழைய தோழியோ, பிள்ளையின் டீச்சரோ யாராக இருந்தாலும் சரி. சொல்லிவிட்டாலே கிளம்பியாக வேண்டும் என்று இல்லை. இன்னொருவருக்குத் தெரியும் என்கிற நினைப்பே ராத்திரி தூக்கத்துக்கு உதவும்.

கோபத்தில் ‘நான் போறேன்’ என்று அறிவித்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். கட்டுப்படுத்தியே பழகினவருக்கு, கை நழுவுகிறது என்று தெரிகிற அந்த நேரம்தான் வெறி உச்சத்துக்குப் போகும். பெண்களுக்குப் பெரிய ஆபத்து வருவது பெரும்பாலும் அப்போதுதான். சத்தமில்லாமல் தயார் செய்யுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் படிப்புச் சான்றிதழ்கள், திருமணப் பதிவுச் சான்று, நகைக்கடை பில் எல்லாவற்றுக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து நம்பிக்கையான வீட்டில் வையுங்கள். போஸ்ட் ஆபீஸில் ஐநூறு ரூபாயில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், பாஸ்புக்கும் அந்த வீட்டிலேயே இருக்கட்டும்.

உங்கள் போனை நம்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ என்று ஓர் இடம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது அங்கே இருந்தால், உங்கள் மெசேஜ்கள் இன்னோர் இடத்திலும் படிக்கப்படுகின்றன என்று அர்த்தம். போனில் இருக்கும் கூகுள் கணக்கு அவர் திறந்து கொடுத்ததாக இருந்தால், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதும் அவருக்குத் தெரியலாம். உடனே எல்லாவற்றையும் அணைத்துவிடவும் வேண்டாம், அதிலேயே உஷாராகிவிடுவார். முக்கியமான பேச்சை வேறு யாருடைய போனிலாவது பேசுங்கள்.

சட்டத்துக்கு வருவோம். குடும்ப வன்முறையில் இருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் வந்து, 2006 அக்டோபரில் நடைமுறையானது. அடித்தால்தான் வன்முறை என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அவமானப்படுத்துவது, மிரட்டுவது, பணத்தையும் நகையையும் பிடுங்கி வைத்துக்கொள்வது எல்லாமே அதன் கணக்கில் வன்முறைதான். தாலி கட்டாமல் குடும்பம் நடத்திய பெண்ணுக்கும் அது பொருந்தும். விவாகரத்து கேட்காமலே, அம்மா வீட்டில் இருந்துகொண்டே, அந்த ஊர் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் மனு போடலாம். ‘அவர் உங்கள் பக்கம் வரக் கூடாது’ என்று உத்தரவு வாங்கலாம், ஜீவனாம்சம் கேட்கலாம். அந்தப் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. “இது என் அம்மா பேர்ல இருக்கிற வீடு, வெளியே போ” என்று அவர் சொன்னால் அதற்கும் பதில் இருக்கிறது. மாமனார், மாமியார் பெயரில் இருக்கிற வீடு என்ற ஒரே காரணத்துக்காக அங்கே மருமகள் வசிக்கும் உரிமை போய்விடாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

மனு எழுத உதவ ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு அலுவலர் உண்டு. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்ப நேர்ந்தால், ‘சகி’ என்கிற ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்கலாம். வேலைக்குப் போகிற பெண்களுக்கு அரசின் ‘தோழி’ விடுதிகளும் இருக்கின்றன.

“பிள்ளையைப் பறிச்சுடுவேன்” என்பதுதான் எல்லாருடைய வாயிலும் வருகிற மிரட்டல். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று 1956-ம் வருடத்து இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்கிறது. அதற்கு மேற்பட்ட வயது என்றால் குழந்தைக்கு எது நல்லது என்றுதான் கோர்ட் பார்க்கும். யாருக்குக் குரல் பெரிது என்று பார்க்காது.

ஒரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னையில் திறக்கப்பட்டது, இன்று அவை மாநிலம் முழுக்க இருக்கின்றன. ஆனாலும் போகிற எல்லா இடத்திலும் உடனே நியாயம் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ‘சந்தேகப்பட்டதுக்கெல்லாமா கேஸ் போடுவாங்க, பேசித் தீர்த்துக்கோங்கம்மா’ என்று சொல்லி அனுப்பப் பார்ப்பவர்களும் உண்டு. அப்படிச் சொன்னாலும் எழுத்தில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பின்னால் கோர்ட்டில் அந்தத் துண்டுச் சீட்டு பேசும்.

மீதிப் பாதி பலம் நம்மிடம் என்று சொன்னேன் இல்லையா? அதைப் பெண்ணைப் பெற்றவர்களுக்குத்தான் சொன்னேன். அறுபது பவுன் போட்டு, மண்டபம் பிடித்து, ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டுக் கல்யாணம் செய்து வைக்கிறோம். ‘அங்கே முடியலைன்னா வந்துடு, உன் ரூம் அப்படியேதான் இருக்கு’ என்ற ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்பியிருக்கிறோமா? அவள் போனில் லேசாக இழுக்கும்போது, ‘எல்லா வீட்லயும் இருக்கிறதுதான், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்றுதானே வாய் முதலில் போகிறது? நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம் புரிகிறது. அந்த நாலு பேரில் ஒருவராவது ராத்திரி பதினொரு மணிக்கு உங்கள் மகள் இருக்கிற வீட்டில் போய் நின்று பார்த்ததுண்டா?

கிளம்பி வந்தவள் பதினைந்தாம் நாள் திரும்பிப் போய்விடலாம். அதுவும் நடக்கும். அவர் வந்து வாசலில் நின்று அழுவார், பிள்ளை ‘அப்பா’ என்று ஓடும். அப்போது “இனிமே இந்தப் பக்கம் வராதே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவளை நம்மிடமிருந்து பிரித்து வைக்க அவர் இத்தனை வருஷம் பாடுபட்டார், அந்த வேலையை நாமே முடித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை வருகிறவர்கள்தான் அதிகம். அவளுடைய ஜெராக்ஸ் கட்டு உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும், திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

பெண்கள் உதவி எண் 181. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. அடி, உதை, உயிர் பயம் என்றால் 112. உங்கள் போனிலிருந்துதான் பேச முடியும் என்றால், பேசி முடித்ததும் கால் லிஸ்ட்டில் அந்த எண்ணை அழித்துவிடுங்கள். நம் பத்திரிகைக்கு எழுத நினைத்தால் தபாலில் எழுதுங்கள். பதில் அனுப்ப அம்மா வீட்டு முகவரியோ, தோழியின் முகவரியோ கொடுத்தால் போதும். கவரின் மேல் பத்திரிகையின் பெயர் இல்லாமல் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்