அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம், பாடத்திட்டம் என்று எழுதிக்கொண்டிருப்பவன் இன்று வீட்டு விஷயத்தை எழுதுகிறேன். ஊருக்கே தெரிந்த பிறகு மூடிவைக்க ஒன்றுமில்லை.

என் மகன் மீது போலீஸ் வழக்குப் பதிவாகியிருக்கிறது. புகார் கொடுத்தது என் முன்னாள் மருமகள். விவாகரத்தாகி இரண்டு வருடமாகிறது. கோர்ட் உத்தரவுப்படி ஞாயிற்றுக்கிழமை காலையில் பேத்தியைக் கூட்டிவந்து சாயங்காலம் கொண்டுபோய் விட வேண்டும். அப்படி விடப்போன இடத்தில் "ஏன் இவ்வளவு நேரம்?" என்று ஆரம்பித்த பேச்சு, அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போவதில் முடிந்தது. உறவினர்கள் இதைக் "கைகலப்பு" என்கிறார்கள். இரண்டு பேர் கையும் கலந்தால்தானய்யா அது கைகலப்பு?

அன்று வாசலில் நானும் நின்றேன். பார்த்ததை முழுசாக இங்கே எழுத மாட்டேன், அது கோர்ட்டில் சொல்ல வேண்டியது. குற்றவாளியா இல்லையா என்று நீதிபதி சொல்லும்வரை என் மகன் குற்றம் சாட்டப்பட்டவன் மட்டுமே. அதையும் மறக்கவில்லை.

சண்டை இப்போது என் வீட்டுக்குள். போன வாரம் மைத்துனர் ஒரு காகிதத்தை டைப் அடித்துக் கொண்டுவந்தார். அவள்தான் முதலில் செருப்பால் அடித்தாளாம், தடுக்கப்போன என்னைத் தள்ளினாளாம், பிறகு தானே படியில் தவறி விழுந்தாளாம். புகார்தாரர் நான். பெயருக்குக் கீழே "ஓய்வுபெற்ற ஆசிரியர்".

"நீங்க சொன்னா நம்புவாங்க அத்தான். ரெண்டு பக்கமும் கேஸ் இருந்தாத்தான் ராஜிக்கு வருவா."

முடியாது என்றேன். அன்றிலிருந்து ஃபேமிலி வாட்ஸ்அப் குழுவில் தினமும் எனக்குப் பாடம் நடக்கிறது. ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதல் பாடம்: "பொம்பளைங்க கொடுக்கிற கேஸ் எல்லாமே பொய் கேஸ்." பொய் வழக்குகள் உண்டு, மறுக்கவில்லை. 1983இல் வந்த 498ஏ பிரிவில், சம்பந்தமில்லாத நாத்தனார், கொழுந்தன் பெயரையெல்லாம் சேர்த்துவிடுகிறார்கள் என்று உச்ச நீதிமன்றமே பலமுறை கண்டித்திருக்கிறது. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில், ஏழு வருடத்துக்கு மிகாத தண்டனை உள்ள குற்றங்களுக்குத் தேவையில்லாமல் கைது செய்யக்கூடாது என்று போலீசைக் கட்டிப்போட்டதும் அதே நீதிமன்றம்தான். என் மகனை அந்த இரவே இழுத்துப்போய் லாக்கப்பில் வைக்காமல் நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்குக் கூப்பிட்டதும் இதனால்தான். "சட்டம் முழுக்க அவ பக்கம்" என்கிறவர்கள் அந்த நோட்டீசை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. வாசலில் நானும் நின்றேனே, அந்தப் பெண் தன் புகாரில் என்னையும் சேர்த்திருக்கலாம், என் மனைவியையும் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. நடந்ததை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அடிபட்டு நின்ற நேரத்தில் அவளிடம் இருந்த நேர்மை, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற என்னிடம் இருக்க வேண்டாமா?

இரண்டாவது பாடம்: "விவாகரத்து ஆனவளுக்கு என்ன குடும்ப வன்முறை?" 2005ஆம் வருடச் சட்டத்தைப் படியுங்கள். இப்போதோ, இதற்கு முன் எப்போதோ ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தவர்கள் என்றுதான் அதில் இருக்கிறது. அந்தச் சட்டத்தை விடுங்கள். அடுத்தவரை அடித்துக் காயப்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 115(2). அதற்குத் தாலி இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே கிடையாது.

மூன்றாவது பாடம்: "கவுன்ட்டர் கேஸ் போட்டால்தான் அவள் வழிக்கு வருவாள்." முப்பத்துநான்கு வருடம் வகுப்பறையில் இதைத்தான் கேட்டேன். "சார், அவன்தான் சார் முதல்ல அடிச்சான்." பத்து வயதுப் பையன் பயத்தில் சொல்கிறான், மன்னிக்கலாம். அறுபத்தைந்து வயதுக் கிழவன் அதை டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதற்குப் பெயர் பொய்ப் புகார். பிறகு கோர்ட்டில் ஏறி அதையே சத்தியம் செய்து சொன்னால் பொய்ச்சாட்சி, ஏழு வருடம் வரை தண்டனை. தனக்கு எதிராகப் பேசச் சொல்லி என் மகனை யாரும் கட்டாயப்படுத்த முடியாது, அரசியலமைப்பின் 20(3) அவனுக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. தகப்பனுக்கு அப்படி விலக்கு இல்லை. சம்மன் வந்தால் கூண்டில் ஏறிப் பார்த்ததைச் சொல்லியாக வேண்டும்.

கடைசிப் பாடம் என் மனைவியுடையது. "பெத்த பிள்ளைங்க. வேற யாரு நிப்பா அவனுக்கு?" இதற்குத்தான் பதில் சொல்ல நாக்கு எழவில்லை. நான் அவனுக்கு நிற்கவில்லையா? நல்ல வக்கீல் வைத்திருக்கிறேன், பென்ஷனிலிருந்து ஃபீஸ் கட்டுகிறேன். நோட்டீசில் சொன்ன தேதிக்குத் தவறாமல் போ, அவளுக்குப் போன் போடாதே, தூது அனுப்பாதே என்று சொல்லியிருக்கிறேன். பொய் ஒன்றுதான் என்னால் தர முடியாதது. அவன் என்னோடு பேசிப் பதினோரு நாளாகிறது.

ஒரு பழைய கணக்கும் பாக்கி இருக்கிறது. பல வருடம் முன்பு, ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட வந்த ஒரு தாயின் கன்னம் வீங்கியிருந்தது. என்னம்மா என்று கேட்டேன். சொன்னாள். "பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று அனுப்பிவைத்தேன். பெரிய புத்திமதி சொல்லிவிட்டதாக அன்று நினைப்பு. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தான் அவள் மகன், என் மாணவன். அன்று அவன் என்ன கற்றுக்கொண்டிருப்பான் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

என் பேத்திக்கு ஆறு வயது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் வாசலில்தான் நின்றாள், என் விரலைப் பிடித்துக்கொண்டு. படியில் யாரும் தவறி விழவில்லை என்பது அவளுக்குத் தெரியும். நாளைக்கு அவள் வளர்ந்து கேஸ் கட்டைப் புரட்டினால், தாத்தாவின் கையெழுத்து எதன் கீழே இருக்க வேண்டும்?

மைத்துனர் கொண்டுவந்த காகிதம் மேஜை மேல் அப்படியே கிடக்கிறது. வந்து எடுத்துக்கொண்டு போகலாம்.

ஆறுதல் சொல்கிறேன் என்று அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக எழுதினாலும் நீக்கிவிடுவேன். என் மகனைத் திட்டி எழுதினாலும் அப்படித்தான்.