கால் எட்டவில்லை என்றால் குற்றம் காலில் இல்லை

காலை ஏழு மணிக்கு நமது பகுதியில் எந்தப் பாடசாலை வாசலிலும் நின்று பாருங்கள். நற்பிட்டிமுனை ஆகட்டும், மருதமுனை, சாய்ந்தமருது ஆகட்டும், ஒரே காட்சிதான். ஓட்டுகிற வாப்பா சௌகரியமாக இருப்பார். பின்னால் இருக்கும் பிள்ளையின் கால் இரண்டும் தொங்கும். பிள்ளை இல்லாத நேரம் அதே சீட்டில் உயரம் குறைந்த உம்மாவோ மனைவியோ.

கேட்டால், "அவ கட்டை, கால் எட்டாது, நாம என்ன செய்ற?" என்பார்கள். இந்தக் கதையை நான் ஏற்பதில்லை. சைலன்சர் மாற்றக் காசு இருக்கிறது. ஸ்டிக்கர் ஒட்டக் காசு இருக்கிறது. புட்ரெஸ்ட்டை இரண்டு அங்குலம் உயர்த்த மட்டும் காசு இல்லையா?

கால் ஊன்ற இடமில்லாதவரின் பாரம் முழுதும் தொடையிலும் இடுப்பிலும் விழுகிறது. கால் விறைக்கும். பிரேக் பிடித்தால் முன்னால் சறுக்குவார். பள்ளத்தில் விழுந்தால் சீட்டை விட்டு எழும்புவார். தொங்கும் சின்னக் கால் பின்சில்லுக்குப் பக்கத்தில்தான் ஆடுகிறது. ஸ்போக்கில் குதிக்கால் மாட்டினால் என்னவாகும் என்று எந்த விபத்துப் பிரிவுத் தாதியிடமும் கேளுங்கள்.

நம்மிடம் ஓடும் பைக்குகளில் பெரும்பகுதி இந்தியாவில் செய்தவை. அந்நாட்டின் 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது என்ன சொல்கிறது? பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி வேண்டும், புட்ரெஸ்ட் வேண்டும், உடுப்பு மாட்டாமல் பின்சில்லில் பாதியையாவது மறைக்கும் காப்பு வேண்டும். நமது தம்பிமார் முதலில் கழற்றி வீசுவது அந்தக் காப்பைத்தான். 'லுக்' இல்லையாம்! ஹபாயாவோடு இடப்பக்கம் கால் போட்டு இருக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலான பைக்குகளில் செயினும் ஓடுகிறது.

பிலிப்பைன்ஸ் 2015இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. வேக வாகனங்கள் நெருக்கமாக ஓடும் வீதியில் பிள்ளையை ஏற்றுவதென்றால் கால் புட்ரெஸ்ட்டில் நன்றாகப் பதிய வேண்டும், கை ஓட்டுபவரின் இடுப்பைச் சுற்றிப் பிடிக்க வேண்டும், தலைக்கவசம் வேண்டும். வயதைக் கேட்கவில்லை, கால் எட்டுகிறதா என்றுதான் கேட்கிறது. கல்முனைப் பிரதான வீதிக்கு இது பொருந்தாதா?

"புது பைக் வாங்கித் தருவீங்களா?" என்று கேட்க வேண்டாம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் திறந்தும், விலை நமது சம்பளத்துக்கு எட்டவில்லை. இருப்பதைத்தான் சரிசெய்ய வேண்டும். சீட்டின் இரு ஓரத்திலும் ஸ்பொஞ்சைச் சீவி ஒடுக்கினால் தொடை விரியாமல் கால் நேராக இறங்கும். அதற்கும் எட்டாவிட்டால் சற்று உயரத்தில் இன்னொரு சோடி புட்ரெஸ்ட். செஸியில் போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். சில்லோடு ஏறி இறங்கும் பகுதியில் பூட்டினால் குலுக்கல் முழுதும் காலுக்கு வரும். செயினுக்கும் சைலன்சருக்கும் படாத இடமாகவும் பாருங்கள். கைப்பிடியும் காப்பும் திரும்பப் பூட்டப்படட்டும். இதெல்லாம் ஒரு கராஜ்காரருக்கும் ஒரு குஷன் கடைக்காரருக்கும் அரைநாள் வேலை. அதுவரை பிள்ளைக்கு வேன் அல்லது நடை.

"ஐஞ்சு நிமிசப் பயணம்தானே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஒருதரம் பின்னால் ஏறி, காலைப் புட்ரெஸ்ட்டில் வைக்காமல் கல்முனை போய் வாருங்கள். பிறகு என்னோடு வாதாடலாம்.